தகர வாளியில் கலந்த ஆசிட்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு நாங்கள் வீடு மாறி வந்த புதிது. குளியலறைத் தரையில் படிந்திருந்த உப்புக்கறையைத் தேய்க்க, கடையில் வாங்கிய ஆசிட்டைப் பழைய தகர வாளியில் தண்ணீரோடு கலந்தேன். சற்று நேரத்தில் வாளி சூடாகி, நுரை பொங்கி வழிந்தது. அப்போது பார்த்துக் கரண்ட் போனது. சன்னல் சிறியது, ஒரே இருட்டு. மெழுகுவத்தி ஏற்றத் தீப்பெட்டியை எடுத்தேன்.

புது வீட்டைப் பார்க்க வந்த எதிர்வீட்டு மும்தாஜ் அக்கா நெடி பட்டதும் கத்தினார்.

"கொளுத்தாதம்மா! ஜல்தியா வெளிய வா!"

கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தார். அவர் பேட்டரிக் கடை நடத்துகிறவர்.

"வாளியில பூசியிருக்கிற துத்தநாகத்த ஆசிட் கரைச்சிக்கினு இருக்கும்மா. அதுல வர்ற கேஸு, நெருப்பு பட்டா வெடிக்கும்" என்றார்.

கதவுகளைத் திறந்துவிட்டு, நெடி அடங்கும்வரை வாசலிலேயே நின்றோம். நான் அழுது முடிக்கும்வரை அவர் என் கையை விடவில்லை.

இப்போதெல்லாம் பிளாஸ்டிக் வாளிதான். கதவைத் திறந்துவைத்துதான் ஆசிட்டைத் தொடுகிறேன், பக்கத்தில் நெருப்பே கிடையாது.

அன்று பள்ளிவிட்டு வந்த மகள், "இன்னாம்மா, அழுதியா?" என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்ல நான் இருந்தது அக்காவால்தான்.