காலிங் பெல் சுவிட்ச் மாட்டிய கம்ப்யூட்டர்கள்

பழைய கம்ப்யூட்டரை ரிப்பேர் செய்து பிழைப்பவனிடம் யாரும் "புதுசு வாங்கலாமா?" என்று கேட்பதில்லை, "இன்னும் ரெண்டு வருஷம் ஓடுமா?" என்றுதான் கேட்பார்கள்.

பெரம்பலூரில் என் கடைக்கு வருகிற பெட்டிகள் பாதியில் உறைந்து நிற்கும். ரீசெட் பட்டன் உடைந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கி ஹார்ட் டிஸ்க்கைச் சாகடிப்பார்கள். உள்ளே ரீசெட்டுக்கென்று இருக்கும் இரண்டு சின்ன பின்களிலிருந்து ஒயர் இழுத்து, வெளியே ஒரு காலிங் பெல் சுவிட்சை மாட்டிவிடுவேன். ஒரு அழுத்து அழுத்தினால் மெஷின் மறுபடி முதலிலிருந்து கிளம்பும். இதே தொழிலில் அவதிப்படுகிறவர்களே, மீதியைக் கேளுங்கள்.

சத்தம் வராத மணி

குன்னத்தில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத் தருபவர் செல்வி அக்கா. சுவிட்சை அவர் மேசை விளிம்பில் பொருத்தினேன். அன்று ஒரு பெண்ணின் நர்ஸ் வேலை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். எல்லாம் அடித்து முடித்து, போட்டோ எடுத்துவர அவளை அனுப்பிவிட்டு, பின்னறையில் நான் பிரித்துப்போட்டிருந்த பிரின்டரைப் பார்க்க அக்கா வந்தார். திரும்பிப் போனால் திரை கறுப்பு. எதிரே மக்காச்சோளக் காட்டிலிருந்து நேராக வந்த பெரியவர் ஒருவர், விரலை சுவிட்சிலேயே வைத்திருந்தார். போட்டோவோடு ஓடிவந்த பெண் அழுதேவிட்டாள். அக்கா மூச்சுவிடாமல் மறுபடி அடித்து, சாயங்காலத்துக்குள் அனுப்பிவிட்டார். பெரியவர் மட்டும் சமாதானமாகவில்லை: "எத்தனை தடவ அமுக்குறேன், சத்தமே வரலியே! மொதல்ல அந்த பெல்லை ரிப்பேர் பண்ணும்மா."

கேமராவில் தெரிந்த கை

லப்பைக்குடிக்காட்டில் ஜமீலாம்மா வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். போனில் முகம் சின்னதாகத் தெரிகிறதென்று பழைய கம்ப்யூட்டரில்தான் அவரோடு வீடியோவில் பேசுவார்கள். அதற்கும் சுவிட்ச் வைத்தேன். சில நாளில் மெஷின் முன்னைவிட அதிகமாக நிற்கிறது என்று அவர் துபாயிலிருந்தே என்னைத் திட்டினார். போய்ப் பார்த்தேன். மெஷினில் ஒரு குறையும் இல்லை. மகள் கல்லூரியில் கடைசி வருஷம். மாப்பிள்ளை வந்திருக்கிறது, படிப்பை நிறுத்து என்று அவர் ஆரம்பிக்கும்போதெல்லாம் அம்மா கை சுவிட்சுக்குப் போயிருக்கிறது. மெஷின் எழுந்து வருவதற்குள் அவருக்கு வேலைக்கு நேரமாகிவிடும்.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று விழித்தேன். "பழைய மெஷின் பாய், அப்படித்தான்" என்று சொல்லிவைத்தேன். அந்தப் பெண் பரீட்சை எழுதி முடித்தாள். ஜமீலாம்மா என்னிடம் வைத்த கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்: "சுவிட்சை மேசைக்கு அடியில மாத்தி வெச்சிடுங்க தம்பி, கேமராவுல கை தெரியுது. அல்லாஹ் உங்க கடைக்கு பரக்கத் தரட்டும்."

நின்றுவிட்ட சுவிட்ச்

உடையார்பாளையம் முந்திரி வியாபாரி ஒருவரின் மெஷின் திடீரென்று செத்துவிட்டது. வாசலில் லாரி பில்லுக்காகக் காத்திருக்க, அவர் போனில் புலம்பினார். பஸ் பிடித்து ஓடினேன். நான் முன்பு மாட்டிய காலிங் பெல் சுவிட்ச் இருந்த இடத்தில் விளக்குப் போடும் சுவிட்ச் இருந்தது. அமுக்கினால் அமுங்கியே இருப்பது. மெஷின் விடாமல் ரீசெட்டிலேயே கிடந்திருக்கிறது. சுவிட்சை அணைத்தேன், திரை வந்தது, பில் வந்தது, லாரி கிளம்பியது. அதை மாற்றிய எலக்ட்ரீஷியன் பெருமையாகவே சொன்னார்: "நீங்க போட்டது விரலை எடுத்தா வெளிய வந்துடுதுங்க, மட்டமான சாமான். அதான் நல்லதா ஒண்ணு போட்டேன்."

இப்போதெல்லாம் யார் கேட்டாலும் சுவிட்ச் வைத்துக் கொடுக்கிறேன், எதற்கு என்று மட்டும் கேட்பதில்லை.