வால்டர் போடாத கையெழுத்து

இதை எழுதுகிறவன் நஞ்சப்பனை முதலில் பார்த்தது அமெரிக்காவில், பார்சிப்பனியில், ஆபீஸ் கேன்டீனில், இரண்டாயிரமாவது வருஷம். வீடு வாங்கப் போவதாக இவன் சொன்னதும் மற்றவர்கள் எத்தனை பெட்ரூம், எந்த ஸ்கூல் என்று விசாரித்தார்கள். கோபிசெட்டிபாளையத்துக்காரரான நஞ்சப்பன் மட்டும் தயிர்சாதத்திலிருந்து தலையைத் தூக்கி, "விக்கிறவங்களுக்குக் கூடப் பொறந்தவங்க எத்தனை பேருங்க தம்பி?" என்றார். இவன் விழித்தான். அப்புறம்தான் கதை வந்தது.

நஞ்சப்பன் அவர் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். தொண்ணூற்றாறில் பார்சிப்பனியிலேயே ஒரு வீடு வாங்கினார். டோரதி என்ற அம்மாள், செத்துப்போன தன் அப்பாவின் வீட்டை விற்றாள். க்ளோசிங் என்கிற கிரய நாளன்று வக்கீல் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். டைட்டில் இன்சூரன்ஸ் வேண்டுமா என்று கேட்டபோது மனைவி மரகதத்தைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள், எடுத்துக்கொண்டார். பின்னால் பத்திரத்தில் வில்லங்கம் கிளம்பினால் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்பது மட்டும் அவருக்குப் புரிந்திருந்தது.

இரண்டு வருஷம் கழித்து ஒரு சனிக்கிழமை காலையில் வாசலில் ஒரு பெரியவர் வந்து நின்றார். பெயர் வால்டர், டோரதியின் தம்பி. ஒஹாயோவில் ட்ரக் ஓட்டியவர். அக்காவோடு பதினைந்து வருஷமாகப் பேச்சில்லை. அப்பா உயில் எழுதாமல் போய்விட்டார்; டோரதி, தான்தான் ஒரே வாரிசு என்று எழுதிக்கொடுத்து வீட்டை விற்றுவிட்டாள்.

"பாதி வீடு என்னுடையது," என்றார். சண்டைக்கு வந்தவர் குரலாக இல்லை அது.

நஞ்சப்பனுக்கு அவர் அந்நியராகவே தெரியவில்லை. கையெழுத்து வாங்காமல் விட்டுப்போன பங்காளி. ஊரில் வீதிக்கு ஒருத்தர் உண்டு. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். மரகதம் காபி கொண்டுவந்தாள். சமையலறைக் கதவு நிலையில் பென்சிலால் போட்ட உயரக் கோடுகளை வால்டர் விரலால் தடவினார். அவர் வளர்ந்த கோடுகள். நஞ்சப்பன் அதன்மேல் பெயின்ட் அடிக்காமல் விட்டிருந்தார்.

பிறகு வால்டர் ஒரு காகிதத்தை மேஜைமேல் வைத்தார். வீட்டில் அவருக்குப் பாதி உரிமை உண்டு என்று நஞ்சப்பன் ஒத்துக்கொள்வதாக நாலு வரி. கோர்ட்டு வேண்டாம், நமக்குள்ளே முடித்துக்கொள்ளலாம் என்றார். நஞ்சப்பன் பேனாவைத் திறந்துவிட்டார்.

"ஏனுங்க, ஒரு நிமிஷம் இங்க வாங்க," என்று மரகதம் உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

"நாயமாத்தான் கேக்கறாரு மரகதம். அவங்க அப்பன் வீடு."

"நாயந்தானுங்க. ஏமாத்துனது அவங்க அக்கா. நாம எதுக்குப் பாதி வீட்டை எழுதிக் குடுக்கோணும்? அந்தப் பாலிசியப் படிச்சீங்களா, இல்ல ஆயுதபூசைக்குப் பொட்டு வெச்சதோட சரியா?"

க்ளாசெட்டிலிருந்து எடுத்து, இருவரும் நின்றபடியே படித்தார்கள். கம்பெனியைக் கேட்காமல் வீட்டுக்காரர் தானாக எதையாவது ஒத்துக்கொண்டால் அதற்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று ஏழாவது பக்கத்தில் இருந்தது. நஞ்சப்பன் பேனாவை மூடினார்.

வால்டரிடம் உள்ளதைச் சொன்னார். "நான் கையெழுத்துப் போட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தராது, என்னிடமும் இல்லை; இரண்டு பேருக்கும் நஷ்டம். உங்கள் காகிதத்தைக் கொடுங்கள், போய்ச் சேரவேண்டிய இடத்தில் சேர்க்கிறேன்." வால்டர் மிச்சக் காபியைக் குடித்துவிட்டு, கொடுத்தார்.

திங்கட்கிழமை கம்பெனிக்கு போன் போட்டார். க்ளெய்ம் பிரிவுப் பெண்மணி முதலில் கேட்டது: "அவருக்கு ஏதாவது கொடுத்தீர்களா? எழுதி, அல்லது வாய்வார்த்தையாக?"

"காபி கொடுத்தேன். இரண்டு டம்ளர்."

அந்தப் பக்கம் சிரிப்பு. "அதற்கு விலக்கு உண்டு."

நடந்ததை எழுதி, பத்திர நகல், பாலிசி நகல், வால்டரின் காகிதம் எல்லாவற்றையும் சர்ட்டிஃபைடு மெயிலில் அனுப்பினார். பதில் வர ஆறு வாரம். அதுவரை அவர் புல் வெட்டக் கிளம்பும்போதெல்லாம் மரகதம், "நம்ம பாதிய மட்டும் வெட்டுங்க, போதும்," என்பாள். அவர் சிரிக்க மாட்டார்.

க்ளெய்மை ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. கம்பெனியே வக்கீல் வைத்து, வால்டர் சொன்னது நிஜம்தான் என்று பார்த்து, அவருக்கு உரிய பங்கைக் கொடுத்தது. தன் உரிமையை நஞ்சப்பனுக்கு விட்டுக்கொடுத்து வால்டர் கையெழுத்துப் போட்டார். அது கவுண்டி ஆபீசில் பதிவாயிற்று. டோரதியிடம் வசூலிப்பது கம்பெனி பாடு. பதிவான நகல் வந்த அன்று நஞ்சப்பன் வீட்டைச் சுற்றி முழுப் புல்லையும் வெட்டினார்.

இதை எழுதுகிறவன் வாங்கியது, ஒருவருக்கு அப்பாவிடமிருந்து வந்த காண்டோ ஃபிளாட்; அவருக்கு இரண்டு தங்கைகள். நஞ்சப்பன் க்ளோசிங்குக்குக் கூடவே வந்து, இரண்டு கையெழுத்தையும் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தார்.

இப்போது, இரண்டாயிரத்தொன்றில், நஞ்சப்பனும் மரகதமும் அதே வீட்டில் இருக்கிறார்கள். வால்டர் ஒஹாயோவில் இருக்கிறார்.