செங்கம்பளத்தில் ஒரு நீலத் தடம்

எங்கள் சபையில் சிலை கிடையாது. கம்பம் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்டால் இதைப் பெருமையாகச் சொல்வேன். கேட்காவிட்டால் இன்னும் விரிவாகச் சொல்வேன். அந்தக் குறையை ஒரு கம்பளம் தீர்த்துவைத்தது. மதுரையிலிருந்து நானே லாரியில் கூடவே உட்கார்ந்து கொண்டுவந்த சிவப்புக் கம்பளம். திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்க முழங்கால் போடும் இடத்தில் அதை விரித்தோம். அன்றோடு நான் சபைச் செயலர் வேலையை விட்டுவிட்டுக் கம்பளத்துக்குப் பூசாரியாகிவிட்டேன்.

சனிக்கிழமைதோறும் மண்டி போட்டு பிரஷ் தேய்ப்பேன். ஜெபத்துக்குக்கூட அவ்வளவு நேரம் மண்டி போட்டதில்லை. ஆராதனையில் குழந்தை அழுதால் பொறுத்துக்கொள்வேன். அதன் கையில் பிஸ்கட் இருந்தால் முடியாது. செருப்பை வாசலில் விடுவது எங்கள் ஊர்ப் பழக்கம். அதைச் சட்டமாக்கியது நான்.

ஏலக்காய் ஸ்டோரில் தரம் பிரித்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா எங்கள் சபையில் உண்டு. சர்க்கரை வியாதியில் பாதம் மரத்து, புண்ணாகிவிட்டது. தேனியில் டாக்டர் ஒரு கறுப்பு ரப்பர் செருப்பைக் கொடுத்து, வீட்டுக்குள்கூட அது இல்லாமல் ஓர் எட்டு வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதோடு வந்தவரை வாசலில் மறித்தேன்.

"இங்கன எல்லாருக்கும் ஒரே ரூல்ஸ்தான் ஆத்தா."

"டாக்டர் கழத்தக் கூடாதுன்னு சொன்னாக அண்ணே."

"பைபிள்ல எரியுற செடி முன்னால ஆண்டவரே செருப்பக் கழத்தச் சொன்னாரே, அது?"

"அங்கன கம்பளம் விரிச்சிருந்துச்சாக்கும்?"

கம்பளத்தைச் சொன்னதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் வராந்தாவில், கழற்றிப்போட்ட செருப்புகளுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். ஆறு மாதம் அங்கேதான். பாட்டு, பிரசங்கம் எல்லாம் ஸ்பீக்கரில் வரும். திருவிருந்து ஸ்பீக்கரில் வராது. புதிதாக வந்திருந்த போதகர், வெளியே கொண்டுவந்து தருவதாகச் சொல்லிப் பார்த்தார்.

"பார்சல் வேணாங்கய்யா. பந்தியில எல்லாரோடயும் சேந்துதான் வாங்குவேன்."

போதகர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

பிறகு ஒரு திருவிருந்து ஞாயிறு. ஆராதனை தொடங்கக் கொஞ்ச நேரம். சபை முழுக்க வந்து உட்கார்ந்தாயிற்று. சுத்தமான கம்பளத்தின் நடுவில் நீல நிறத்தில் ஒரு வெறுங்கால் தடம்! திராட்சைக்குத் தெளிக்கும் மயில்துத்தக் கரைசல். மிதித்தவர் திராட்சை விவசாயி என்று உடனே கண்டுபிடித்தேன். சபையில் பாதிப் பேர் திராட்சை விவசாயிகள்.

"கம்பளத்துல நீலத் தடம்! ஆராதனைக்கு வர்றதுக்கு முன்னாடி மருந்தடிச்சவக எந்திரிங்க!" என்று மைக்கில் சொன்னேன். போதகர் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் என்று நினைக்கிறேன். யாரும் எழவில்லை. "ஓய்வுநாள்ல தோட்ட வேலை! அதுலயும் காலைக் கழுவாம ஆண்டவர் சமுகத்துக்கு!" என்று மேலும் ஏறினேன்.

உள்ளே போகிற எல்லார் காலும் கண்ணில் படும் வராந்தாவிலிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது. "அண்ணே, தடத்துல எத்தன வெரலு இருக்கு?"

குனிந்து எண்ணினேன். நான்கு. என் வலது காலில் சுண்டுவிரல் கிடையாது. தோட்டத்தில் பவர் டில்லரிடம் கொடுத்துவிட்டேன். அன்று விடியற்காலை பனி கொட்டுகிறதே, கொடி கெட்டுவிடுமே என்று மருந்தடித்துவிட்டு, அவசரத்தில் காலை அரைகுறையாகக் கழுவி ஓடிவந்தவனும் நான்தான்.

முதலில் பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. மைக்கை அணைக்க மறந்ததால் என் பெருமூச்சு தெரு வரை கேட்டதாம்.

நான் வாசலுக்குப் போனேன். அவர் செருப்பைப் பார்த்தேன். ஈரத்துணியால் துடைத்துப் பளபளவென்று இருந்தது. என் கால் நீலமாக இருந்தது.

"உள்ள வாங்க ஆத்தா. அந்தக் கம்பளத்த இப்பவே சுருட்டித் தோட்டத்துல எறிஞ்சுடுறேன்."

"ஏண்ணே, அது என்ன பாவம் பண்ணுச்சு? முட்டி போட மெத்துன்னு இருக்குமுல்ல. கெடக்கட்டும். நீங்க போயிக் காலைக் கழுவிட்டு வாங்க."

கழுவிவிட்டு வந்தேன், இந்த முறை சோப்பு போட்டு. திருவிருந்து நேரத்தில் அவர் ரப்பர் செருப்போடு நடந்துவந்து, கம்பளத்தில் முழங்கால் போட்டார். பக்கத்தில் நான். அவர் அப்பத்துக்குக் கை நீட்டியபோது என் கண் பழக்கதோஷத்தில் அந்தச் செருப்புப் பக்கம் போனது. ஒரு தூசி இல்லை. உடனே திரும்பி நானும் கையை நீட்டினேன்.