ஒரு காதில் மட்டும் தோடு

"அம்மா, உனக்குத் தமிழ் படிக்கத் தெரியும்ல? அப்புறம் ஏன் அந்த பேனர மாத்திப் படிச்ச?"

என் ஏழு வயது மகள் இதைக் கேட்டு ஐந்து நாட்களாகின்றன.  என்னிடம் இருப்பது கோபம் மட்டும்தான். யார் யார்மேல் என்று எண்ணத் தொடங்கினால் கடைசியில் அது என்னிடமே வந்து நிற்கிறது. அப்போது இன்னும் ஏறுகிறது.

அவளுக்கு இரண்டு வயதாகும்போது கணவரின் வேலைக்காக ஜெர்மனிக்குப் போனோம். அங்கேதான் அவள் பேசக் கற்றாள், சண்டை போடக் கற்றாள், பள்ளியில் சேர்ந்தாள். என்னோடு தமிழ் பேசுவாள்; படிக்கத் தெரியாது. இரண்டு வருடங்களாகச் சனிக்கிழமைதோறும் அ, ஆ எழுதி வைத்துக்கொண்டு கூப்பிடுவேன். "இங்க யாருமே இதுல எழுதலையேம்மா" என்று எழுந்து போய்விடுவாள்.

இந்த விடுமுறைக்கு டிக்கெட் போடுவதற்கு முன்பே சிதம்பரத்திலிருந்து அண்ணி போன் செய்துவிட்டார். அண்ணி என் கணவரின் அக்கா. ஊருக்கு வந்தால் அண்ணாமலை நகரில் இருக்கும் அவர் வீட்டில்தான் தங்குவோம்.

"பொம்பளப் புள்ளய இன்னும் காது குத்தாம வச்சிருக்கீங்க. இது ஏழாவது வயசு, ஒத்தப்படை. இப்ப உட்டா ஒம்பதுதான். அவ மாமன் வேற மடிய விரிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கான்."

கடலூரில் இருக்கும் என் தம்பிதான் அந்த மாமன். சரி என்றேன். தம்பி சீர்த்தட்டுக்கு என்னென்ன வேண்டும் என்று பட்டியல் கேட்டான், அனுப்பினேன். அண்ணி பேனருக்குப் போட்டோ கேட்டார். மகள் பள்ளியில் சேர்ந்த முதல் நாள் எடுத்த படத்தை நானே தேர்ந்தெடுத்து அனுப்பினேன். காதுக்குச் சொந்தக்காரியிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சமயம் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

விழாவுக்கு மூன்று நாள் முன்பு ஆட்டோவில் வந்து இறங்கும்போது தெருமுனையில் அவள் முகம் ஆள் உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தது. குதித்துவிட்டாள்.

"நான்! அது நான்! என்னம்மா எழுதியிருக்கு?"

பேனரில் காதணி விழா என்று சிவப்பில் எழுதியிருந்தது. "உன்ன ஊருக்கு வா வான்னு கூப்புடுறாங்கடா செல்லம்" என்றேன். கொஞ்சமும் தடுமாறவில்லை. அன்று மாலை அவள் அந்த பேனருக்குக் கீழே நின்று படம் எடுத்துத் தன் வகுப்புத் தோழிக்கு அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன்.

அவளுடைய பள்ளியில் ஒரு விதி உண்டு. பிடிக்காததை யாராவது செய்தால் உள்ளங்கையை முன்னால் நீட்டி "ஸ்டாப்" என்று சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவர் உடனே நிறுத்தியாக வேண்டும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. போன குளிர்காலத்தில் ஒரு பையன் இவள் கையில் எச்சிலைத் தொட்டுத் தேய்த்து, நிறம் போகிறதா என்று பார்த்தான். இவள் கையை நீட்டி ஸ்டாப் சொன்னாள். அவன் நிறுத்தவில்லை. டீச்சரிடம் போய்க் கேட்டேன். "சின்னப் பையன், தெரிந்துகொள்ளும் ஆர்வம்தான்" என்று புன்னகைத்தார். அந்தப் புன்னகையை நினைத்தால் இப்போதும் எரிகிறது. பாத்திரம் கழுவும்போதெல்லாம் அவருக்குச் சொல்லாமல் விட்ட பதில்கள் வாயில் வருகின்றன. அன்று வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன்: "அடுத்த தடவை சத்தமா சொல்லு. எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு."

சொன்னாள். சிதம்பரத்துக் கல்யாண மண்டப மேடையில், பட்டுப்பாவாடையோடு மாமன் மடியில் உட்கார்ந்திருந்தபோது. காது குத்த வந்த பத்தர் காது மடலில் சந்தனப் பொட்டு வைத்து ஊசியை எடுத்தார். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. உள்ளங்கையை நீட்டி, மண்டபத்தின் கடைசி வரிசைவரை கேட்கும்படி "ஸ்டாப்!" என்று கத்தினாள்.

மண்டபமே சிரித்தது.

"ஏ, ட்ராபிக் போலீசு! வண்டிய ஓரங்கட்டு பத்தரே!" என்றார் முன்வரிசையில் ஒருவர். என் கணவர் சிரித்துக்கொண்டே வீடியோ எடுத்தார். "நேரம் போவுது, அந்தக் கையப் புடிங்க யாராவது" என்றார் அண்ணி.

பிடித்தது நான்.

வலது காதில் ஊசி இறங்கியது. அவள் அழவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு என் மணிக்கட்டைக் கடித்துவிட்டு இறங்கி ஓடி, மணமகள் அறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று அவள் கதவைத் திறக்க. இடது காதில் சந்தனப் பொட்டு காய்ந்து உதிர்ந்திருந்தது. பேனரிலேயே காதணி விழா என்று போட்டிருந்ததைக் கதவுக்கு வெளியே யாரோ சொல்லக் கேட்டிருக்கிறாள்; வெளியே வந்ததும் முதலில் கேட்டது அந்த பேனர் கேள்வியைத்தான்.

என் தம்பி சாப்பிடாமலே கடலூருக்குக் கிளம்பிவிட்டான். வண்டியை எடுக்கும்போது, "மடியில வச்சா கெட்டியா புடிச்சுக்கணும்னு சொன்னாங்க, புடிச்சேன். பாப்பா இனிமே என்னைய மாமான்னு கூப்புடுவாளாக்கா?" என்றான். அவன்மேல் மட்டும் என்னால் கோபப்பட முடியவில்லை.

மறுநாள் காலை காப்பி ஆற்றிக்கொண்டே அண்ணி சொன்னார்: "ஒத்தக் காதோடயா பிளேன் ஏத்துவ? பத்தர வீட்டுக்கே வரச் சொல்லிட்டேன். மத்தியானம் தூங்குவாள்ல, அப்ப குத்திரலாம்."

"வந்தார்னா வாசலோட திருப்பி அனுப்பிருவேன் அண்ணி."

ஒன்பது வருடங்களில் அவரை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் முறை. என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. கணவர் உள்ளேயிருந்து வந்து, "அக்காகிட்ட ஏன் இப்புடி கத்துற?" என்றார்.

"நீங்க போயி உங்க வீடியோவப் பாருங்க."

அண்ணி டம்ளரைக் கீழே வைத்தார். "இந்தக் கோவமெல்லாம் மேடையில எங்க போயிருந்துச்சு? கையப் புடிச்சது நீதான?" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தவறில்லை. அதனால்தான் அவர்மேல் இரட்டிப்பாகக் கோபம் வந்தது. பத்தர் வரவில்லை, அண்ணியே போன் செய்து நிறுத்திவிட்டார். அதன் பிறகு வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. சில நேரம் எனக்கே சந்தேகம் வருகிறது. எனக்கும்தான் ஒரு வயதில் குத்தினார்கள், நினைவுகூட இல்லை. ஜிமிக்கி போட்டுக்கொள்ள இன்றும் பிடிக்கும். ஒரு ஊசிக்கு இவ்வளவா? பிறகு அந்த உள்ளங்கை நினைவுக்கு வருகிறது. என் பிடிக்குள் அது விரிந்தபடியே இருந்தது.

மகள் அந்த ஒற்றைத் தோட்டைக் கழற்றவில்லை. காலையும் மாலையும் கண்ணாடி முன் நின்று, தேங்காய் எண்ணெய் தொட்டு, அவளே திருகிவிட்டுக்கொள்கிறாள். நான் கிட்டே போனால் கையை நீட்டுகிறாள். இப்போது நிற்கிறேன்.

பேனரைக் கழற்றி வந்து அண்ணி மொட்டைமாடியில் பழைய வாஷிங் மெஷின் மேல் போர்த்தியிருக்கிறார். நேற்று மாடிக்குத் துணி காயவைக்கப் போனபோது மகளும் கூடவே வந்தாள். தன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குத் தமிழ் படிக்கச் சொல்லிக் குடு. நானே படிச்சுக்கறேன்."

இரண்டு வருடங்களாக நான் கெஞ்சியது இதைத்தான். இப்படிக் கிடைக்கும் என்று நினைக்கவில்லை. பேனரில் முதல் வார்த்தையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டாள். இன்று இரண்டாவது. எழுத்துக்களைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறாள்.

அந்த பேனரின் கடைசி வரியில், "அன்புடன் அழைக்கும்" என்பதற்குக் கீழே, என் பெயரும் அவள் அப்பாவின் பெயரும் இருக்கின்றன. இந்த விழாவை ஏற்பாடு செய்தது அத்தை மட்டும் என்றுதான் அவள் இன்னமும் நம்புகிறாள். "அத்தை மேல எனக்குக் கோவம்" என்று அவள் சொன்னபோது நான் மறுக்கவில்லை. அது என் இரண்டாவது பொய்.

ஜெர்மனிக்குத் திரும்ப இன்னும் ஒன்பது நாட்கள் இருக்கின்றன. இடது காதைப் பற்றி யாரிடமும் நான் யோசனை கேட்கவில்லை. அது அவள் காது, அவள் பார்த்துக்கொள்வாள். நான் கேட்பது வேறு. அந்தக் கடைசி வரியை அவள் தானாகப் படிக்கும்வரை காத்திருக்கட்டுமா, அல்லது இன்றே பக்கத்தில் உட்கார்ந்து நான் படித்துக் காட்டட்டுமா? படித்துக் காட்டினால் நம்புவாளா? பிள்ளையிடம் பொய் சொல்லி மாட்டிக்கொண்ட அம்மாக்கள் உங்களில் யாராவது இருந்தால், எந்த வார்த்தையில் தொடங்கினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள். அவள் வேகமாகப் படிக்கிறாள்.