காலரா இல்லை என்று சொன்ன நாள்

எண்பதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். தில்லியில் காலரா பரவியிருந்தது. யமுனைக்கு அந்தப் பக்கம்தான் அதிகம் என்றாலும், எங்கள் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸிலும் பயம் வந்துவிட்டது. காய்ச்சாத தண்ணீரை யாரும் தொடுவதில்லை. கரும்புச்சாறு வண்டிக்காரன் காணாமல் போய்விட்டான்.

எனக்கு அப்போது மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். அக்கம்பக்கத்தில் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லிவைத்திருந்தோம்.

"யார்ட்டயும் சொல்லாண்டாம். நாளைக்குப் பிள்ளைய ஒரு எடத்துல கொடுக்கணும்லா" என்றார் என் கணவர். மகள் அப்போது நாலாம் வகுப்பு.

ஒருநாள் மருந்து ஏற்றியபின் என்னை ஆட்டோவில் வீட்டில் விட்டுவிட்டு அவர் ஆபீஸ் போனார். மத்தியானம் குமட்டத் தொடங்கியது. பின்வாசல் சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்து வாந்தியெடுத்தேன். நிற்கவே இல்லை. மாடி வீட்டுப் பஞ்சாபி அம்மாள் பால்கனியிலிருந்து பார்த்துவிட்டு, "ஹைஜா! ஹைஜா!" என்று கத்தினாள். இந்தியில் காலராவுக்கு அதுதான் பெயர்.

காலனியில் பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டிருந்த சுகாதாரத் துறை ஆட்கள் ஓடி வந்தார்கள். பின்னாலேயே கூட்டம்.

"ஆஸ்பத்திரி வண்டி நிற்கிறது. சலியே, பெஹன்ஜி" என்று கிளம்பச் சொன்னார் அவர்களில் மூத்தவர்.

என் உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லை, தொற்று உள்ளவர்கள் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். காலரா வார்டுக்குப் போனால் நான் திரும்பமாட்டேன். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். அவர் நம்பவில்லை, கையைப் பிடிக்க வந்தார்.

"ஹைஜா நஹீ ஹை. முஜே கான்சர் ஹை" என்றேன். காலரா இல்லை, எனக்குக் கான்சர்.

அந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. வீட்டில்கூட 'அந்த வியாதி' என்போம்.

அவர் கையை இறக்கினார். கூட்டத்தில் யாரோ, "அச்சா, கான்சரா" என்று மூச்சு விட்டார்கள். அந்தக் குரலில் நிம்மதி இருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் வீடுகளிலும் குழந்தைகள் இருந்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் மாடி வீட்டு அம்மாள் பக்கெட்டில் தண்ணீரோடு இறங்கிவந்து சாக்கடையைக் கழுவிவிட்டாள். "பைத்தியமே, என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று இந்தியில் திட்டிக்கொண்டே என் முகத்தைத் துடைத்தாள்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன்.

"எல்லாரும் கேட்டாவளா?"

"கேட்டாவ. சொல்லலன்னா கொண்டு போயிருப்பாவ."

"சரி, போவட்டும்" என்று எழுந்துபோய் அடுப்பில் தண்ணீர் வைத்தார்.

அதன்பின் எதிர்வீட்டில் தங்கள் பெண்ணை எங்கள் வீட்டுக்கு விளையாட அனுப்புவதை நிறுத்தினார்கள். மாடி வீட்டு அம்மாள் ஒவ்வொரு தடவையும் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வரிசையில் உட்கார்ந்து, மாமியாரைப் பற்றி உரத்த குரலில் பேசிக்கொண்டே ஸ்வெட்டர் பின்னுவாள்.

குளிர் வந்ததும் காலரா அடங்கியது. எனக்கு மருந்து ஹோலி வரை ஓடியது. அடுத்த வருஷம் அவள் கணவருக்குச் சண்டிகருக்கு மாற்றலானது. செக்கப்புக்கு நான் தனியாகவே பஸ்ஸில் போய்வரப் பழகிக்கொண்டேன்.