முட்டைக்காரரின் புது விளக்கு

முட்டைக்காரரின் மோட்டார் சைக்கிளுக்கு அவருடைய கல்யாணத்தைவிட வயது அதிகம். அதனால் அவர் மனைவி அதை "உங்க மூத்த சம்சாரம்" என்றுதான் சொல்வாள். சின்ன வண்டிதான். ஆனாலும் முட்டைத் தட்டுகளைப் பின்னால் ஓர் ஆள் எடைக்கு அடுக்கி, ரப்பர் கயிற்றால் இறுக்கிக் கட்டினால் முக்கி முனகிச் சுமந்துவிடும். விடிவதற்கு முன்னால் கிளம்பினால்தான் கடை திறக்கிற நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு செய்கிற தொழில் அது. சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கினால் போதும், அடித்தட்டு கூழாகிவிடும்.

அந்த வண்டியின் விளக்குக்குக் கரண்ட் எஞ்சினிலிருந்து நேராக வருகிறது. வேகமாகப் போனால் எரியும், மெதுவாகப் போனால் மங்கும். பள்ளம் இருக்குமோ என்று வேகத்தைக் குறைத்தால், சரியாக அந்த நொடியில் விளக்கும் கண்ணை மூடிக்கொள்ளும். இப்படி ஒரு துரோகியை வைத்துக்கொண்டு அவர் எத்தனையோ வருஷம் முட்டை விற்றார். கடைசியில் ஒரே மழையில் மூன்று தட்டு போனதும் மெக்கானிக்கிடம் போய் நின்றார்.

மெக்கானிக் பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுத்து, புது எல்இடி பல்பு ஒன்றைப் பொருத்தினான். வண்டியை எதிர்ச் சுவருக்கு நேராக ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, விளக்குக்கு அடியிலிருந்த ஸ்க்ரூவைத் திருகித் திருகி, வெளிச்சத்தைக் கதவுத் தாழ்ப்பாள் உயரத்துக்குக் கொண்டு வந்தான்.

"இடுப்பு உயரத்துல வச்சிருக்கேண்ணே. எதிர்ல வர்றவன் கண்ணுல படவே படாது."

மறுநாள் முட்டைக்காரர் ராஜா மாதிரி போனார். எதிரே சைக்கிளில் வந்தவர்கள் எல்லாம் ஓரம் கட்டி இறங்கி நின்றார்கள். ஒருவன் நெற்றிக்கு மேல் கையை வைத்தான்.

"மூத்தவளுக்கு வந்த வாழ்வைப் பாத்தியா? சலாம் போடுறானுங்க!" என்றார் மனைவியிடம்.

"அவளுக்குத்தான் போடுறாங்க, உங்களுக்கு இல்ல" என்றாள் அவள்.

ஒன்றுதான் அவருக்குப் பிடிபடவில்லை. பக்கத்திலிருந்த பள்ளத்தைவிட தூரத்து மரக்கிளைதான் பளிச்சென்று தெரிந்தது. புது விளக்கு, போகப் போகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டார். புது விளக்கு தானாகச் சரியாவதற்கு அது என்ன புதுச் செருப்பா?

அந்த வாரக் கடைசியில் வாய்க்கால் பாலத்தின் வளைவில் எதிரே ஒரு சைக்கிள் வந்தது. தாண்டினார். தாண்டியதும் பின்னால் தடதடவென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு "ஐயோ" என்பது போல ஒன்று. ஆக்சிலேட்டரில் அவர் கை தானாகத் தளர்ந்தது. கண்ணாடியில் பார்த்தார், முட்டைத் தட்டுகள்தான் தெரிந்தன. இறங்கிப் பார்க்கலாம் என்றால், இத்தனை சுமையோடு வண்டி ஸ்டாண்டில் நிற்காது. சாய்த்து வைக்க அங்கே ஒரு சுவரும் இல்லை. 'நாய் எதையாவது உருட்டியிருக்கும்' என்று சொல்லிக்கொண்டு போய்விட்டார். நாய்க்கு 'ஐயோ' என்று சொல்லத் தெரியுமா என்று அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்று பகலில் வீட்டுக்கு வந்தபோது மனைவி அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய தம்பி, பேக்கரியில் மாவு பிசைகிறவன், வேலைக்குப் போகிற வழியில் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்துவிட்டான். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

ஒரு தட்டு முட்டையோடு பார்க்கப் போனார்கள். மாவுக்கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தான் மச்சினன்.

"எவனோ ஒருத்தன் மாமா. சூரியனையே கொண்டாந்து கண்ணுல அடிச்சான். ரோடு எங்க, பாலம் எங்கன்னே தெரியல. கத்தினேன். நின்னு கூடப் பாக்காம போயிட்டான்."

"அவன் நல்லா இருப்பானா?" என்றாள் முட்டைக்காரரின் மனைவி. "அவன் கை வெளங்குமா?"

"நான் காலையில அந்தப் பக்கமே போகலை" என்றார் முட்டைக்காரர்.

யாரும் கேட்கவில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான். மனைவி ஒரு தரம் அவரைத் திரும்பிப் பார்த்தாள். மாமியார் அவர் கொண்டு வந்த முட்டையிலேயே இரண்டை அவித்து, மகனுக்கு ஒன்றும் மருமகனுக்கு ஒன்றும் கொடுத்தாள். அவர் அதைக் கையிலேயே வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். தேள் கொட்டிய திருடன் கத்தவும் முடியாது.

நேரே மெக்கானிக்கிடம் போனார். "லைட் ரொம்ப மேல அடிக்குதோ?" என்றார்.

"சுவத்தையே கேளுங்கண்ணே" என்று அவன் விளக்கைப் போட்டுக் காட்டினான். வெளிச்சம் அதே தாழ்ப்பாள் உயரத்தில் ஒழுங்காக நின்றது. முட்டைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சுவர் பொய் சொல்லுமா? அப்படியானால் அது வேறு எவனுடைய விளக்கோ. தான் கேட்டதும் நாய்தான். அன்று ராத்திரி கொஞ்சம் தூங்கினார். ஆனாலும் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் முதுகு கூசியது.

மச்சினனின் வீக்கம் வடியவில்லை. பேக்கரியில் வேறு ஆளைப் பார்க்கிறார்கள் என்று பேச்சு வந்தது. தூரத்தில் ஒரு எலும்பு டாக்டர், கூட்டம் சேர்வதற்குள் போக வேண்டும். "இன்னிக்கு ஒரு நாள் முட்டை வேணாம், தம்பியைக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் மனைவி. இருட்டோடு மச்சினன் வீட்டு வாசலில் வண்டியைத் திருப்பி உட்கார்ந்தார். விளக்கு எதிர் வீட்டுச் சுவரில் தாழ்ப்பாள் உயரத்தில் விழுந்தது.

"ஏறு மாப்ள."

மச்சினன் கனத்த உடம்புக்காரன். இடது கையால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். ஸ்பிரிங் முனகியது, வண்டியின் பின்பக்கம் இறங்கியது. சுவரில் வெளிச்சம் மேலே ஏறியது. தாழ்ப்பாளைத் தாண்டி, ஒரு மனிதனின் முகம் இருக்கிற உயரத்தையும் தாண்டி, ஜன்னலில் போய் நின்றது.

முட்டைக்காரர் அந்த ஜன்னலையே பார்த்தார். "கொஞ்சம் இறங்கு" என்றார். அவன் இறங்கினான், வெளிச்சமும் இறங்கியது. "ஏறு" என்றார். ஏறினான், வெளிச்சமும் ஏறியது. மெக்கானிக் கடையில் வண்டியில் முட்டையும் இல்லை, ஆளும் இல்லை. அவரைக் காப்பாற்றிய சுவர் வெறும் வண்டியைத்தான் பார்த்திருந்தது.

"என்ன மாமா, விளையாடுறீங்களா?" என்ற மச்சினன், அப்புறம் தானும் சுவரைப் பார்த்தான்.

"மாப்ள, அன்னிக்குப் பாலத்துல வந்தது நான்தான்" என்றார். "முட்டை ஏத்தினா லைட் இப்படித் தூக்கும்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மச்சினன் மாவுக்கட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"லைட் கெடக்கட்டும் மாமா. அது தெரியாம நடந்தது" என்றான். "நான் விழுந்த சத்தம் கேட்டுச்சா?"

முட்டை, ஸ்டாண்டு, சாய்க்கச் சுவர் இல்லாதது, நாய், எல்லாம் அவர் நாக்கு நுனி வரை வந்தன.

"கேட்டுச்சு" என்றார்.

மச்சினன் இறங்கவில்லை. டாக்டர் வீடு தூரம், அவனுக்கு வேறு வண்டியும் இல்லை. தோளில் இருந்த கையை மட்டும் எடுத்துவிட்டான். முட்டைக்காரர் விளக்கைக் கையால் அழுத்திக் கீழே தள்ளிவிட்டுக் கிளம்பினார். வழியெல்லாம் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்திலும் அந்தக் கை மறுபடி தோளுக்கு வரும் என்று காத்திருந்தார். மச்சினன் கேரியர் கம்பியையே பிடித்துக்கொண்டு வந்தான்.