அக்கா வீட்டுச் சர்க்கரை டப்பா

அக்காவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக இன்று திருப்பலியில் முழங்காலிட்ட உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், வர முடியாமல் இந்த நினைவு மலரை மட்டும் கையில் வாங்கும் தூரத்துச் சொந்தங்களுக்கும் என் வணக்கம். அக்கா போய் ஓராண்டு ஆகிறது. "மலருல நல்லத மட்டும் எழுதும்மா, கோவத்த எல்லாம் அச்சுல ஏத்தாத" என்று அக்காவின் கணவர், எங்கள் மாமா, சொல்லியிருக்கிறார். நல்லதைத்தான் எழுத உட்கார்ந்தேன். கோபமும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. ரேஷன் கடையில் எடைபோட்டே காலம் தள்ளியவள் நான், இனிக்க இனிக்கப் பேசிப் பழக்கமில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது கடத்தூருக்குப் பக்கத்தில் ஒரு மானாவாரிக் கிராமத்தில். அப்பாவுக்குக் கொஞ்சம் மேட்டுக் காடு இருந்தது. மழை பெய்தால் சாமையும் கொள்ளும் விளையும், பெய்யாவிட்டால் கூலி வேலைதான். அம்மாவுக்கு இளைப்பு நோய், அடுப்புப் புகை ஆகாது. அதனால் பத்து வயதுக்குள்ளேயே அக்காவின் கைக்குக் கரண்டி வந்துவிட்டது, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போய்விட்டது. பானையைக் காலால் அணைத்துக்கொண்டு களி கிண்டுவார். ஒருநாள் கொதிக்கிற களி தெறித்து மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது. அந்தத் தழும்பு சவப்பெட்டியில் ஜெபமாலை சுற்றிய கையிலும் தெரிந்தது. கடைசியாக முத்தம் கொடுத்தவர்கள் பார்த்திருப்பீர்கள்.

எனக்குத் தலைபின்னி, சோறு கட்டி, பள்ளிக்கூடம் அனுப்பியது அக்காதான். நான் பன்னிரண்டாவது முடித்ததும் அரசாங்கக் கடையில் வேலைக்குச் சேர்ந்ததும் அக்கா கிண்டிய களியால்தான். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

மொரப்பூரில் வாழ்க்கைப்பட்டார். மாமா லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் அவர் எந்த மாநிலத்தில் இருக்கிறார் என்று மாதாவுக்குத்தான் தெரியும். இரண்டு கறவை மாடு, வீட்டு வரி, கரண்டு பில், சீட்டுக் கட்டுவது, ஓடு மாற்றுவது எல்லாம் அக்காவின் தலையில். ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் அங்கே அடுப்பு மூட்டிக் காபி வைக்கிறவர் அக்காவாகத்தான் இருப்பார். இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் பாதிப் பேர் அந்தக் காபியைக் குடித்தவர்கள்.

வெகுநாள் வேண்டுதலுக்குப் பிறகு ஒரே பிள்ளை பிறந்தான், ஆல்வின். அவன் பிறந்த அன்றே அக்கா ஒரு முடிவு எடுத்துவிட்டார் என்று நினைக்கிறேன். தான் பட்டது எதுவும் அவன் படக் கூடாது. விடுதியோடு கூடிய பள்ளியில் சேர்த்தார். ஞாயிறுதோறும் தூக்குப் போசியில் கோழிக் குழம்பு எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவார். பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் உட்கார வைத்து முட்டை உரித்துக் கொடுப்பார். அப்போது பிள்ளை பத்தாவது படித்துக்கொண்டிருந்தான், மீசை அரும்பியிருந்தது. திரும்பி வரும்போது அழுக்குத் துணியைக் கட்டித் தூக்கிவருவார். கல்லூரியிலும் அப்படித்தான். பெங்களூரில் வேலை கிடைத்த பிறகும் அப்படித்தான். சனிக்கிழமை மொரப்பூர் ஸ்டேஷனில் ரயில் நின்றால் முதலில் துணிமூட்டை இறங்கும், பிறகு பையன் இறங்குவான். ஒருமுறை அவனுக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. கஞ்சி வைக்கத் தெரியாது, கடையில் மாத்திரை கேட்கக் கூச்சம். பாட்டிலில் ரசம் ஊற்றிக்கொண்டு அக்கா ரயிலேறினார்.

"எம் புள்ளைக்கு அடுப்படி எந்தத் தெசைன்னே தெரியாது" என்பார் எல்லாரிடமும். குறையாக அல்ல, நகையைக் காட்டுவது போலச் சொல்வார். நீங்களும் சிரித்தீர்கள். "ராசா மாதிரி வளத்திருக்கறீங்க" என்றீர்கள். கல்யாண வீடு, காதுகுத்து, புதுநன்மை, எங்கே போனாலும் இந்தப் பெருமை பந்தியில் பாயசத்தோடு வந்துவிடும்.

ஒருநாள் எனக்குத் தாளவில்லை. "அக்கா, அவனுக்கு ஒரு சோறு வடிக்கவாச்சும் கத்துக் குடேன். நாளைக்கி உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்ன பண்ணுவான்?" என்று கேட்டேன்.

அக்கா மணிக்கட்டைத் திருப்பித் தழும்பைக் காட்டினார். "இது ஒண்ணு போதாதா இந்தக் குடும்பத்துக்கு? அவன் கை பேனா புடிக்கற கை. அவன் நல்லதுக்குத்தான் சொல்லிக் குடுக்கல" என்றார். அதற்கு மேல் நான் பேசியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்.

பிறகு அக்காவுக்குச் சர்க்கரை நோய் வந்தது. அக்காவுக்கு இனிப்பு என்றால் உயிர். அதனால் தன் கண்ணிலேயே படக் கூடாது என்று சர்க்கரையை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு, அலமாரியில் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் தள்ளிவைத்தார். அம்மாவுக்கு இனிப்பு ஆகாது என்பது மட்டும் ஆல்வினுக்குத் தெரியும். அந்த நோயில் சர்க்கரை ஏறுவது போலவே திடீரென்று இறங்கவும் செய்யும் என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. மாத்திரைச் சீட்டு ஃப்ரிட்ஜின் மேல்தான் இருந்தது.

போன வருஷம் பெரிய வெள்ளி. அக்கா ஒருசந்தி இருந்தார். டாக்டரும் பங்குச் சாமியாரும் வேண்டாம் என்று சொல்லியும், ஆண்டவர் பாடுபட்ட அன்றைக்கு எப்படிச் சாப்பிடுவது என்று வெறும் வயிற்றோடு இருந்தார். ஆனால் காலை மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டுக்கொண்டார். மாமா லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தார். விடுமுறைக்கு வந்த ஆல்வின் வீட்டில் இருந்தான். நான் கடத்தூர்க் கோயிலில் சிலுவைப்பாதை ஜெபத்தில் நின்றுகொண்டிருந்தேன். போன் வந்தது.

"சின்னம்மா, அம்மாவுக்கு ஒரு மாதிரி வேத்துக் கொட்டுது. கை நடுங்குது. பேச்சு கொழறுதுங்க."

"சாப்புட்டாங்களா?"

"ஒருசந்தின்னாங்க. மாத்தர மட்டும் போட்டாங்க."

எனக்கு விளங்கிவிட்டது. காலையில் சாப்பிடாமல் வந்து ரேஷன் வரிசையில் நின்று மயங்கி விழுந்தவர்கள் வாயில் சர்க்கரையைப் போட்டு உட்கார வைத்திருக்கிறோம். "டேய், சக்கரை எறங்கிப் போச்சுடா. நெனவு இருக்கும்போதே தண்ணியில சக்கரையக் கரைச்சுக் குடு. ஓடு" என்று கத்தினேன். பக்கத்தில் மண்டியிட்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

போனில் அவன் நாலு எட்டு ஓடி நிற்கிற சத்தம் கேட்டது. பிறகு கேட்டான். "சின்னம்மா, சக்கரை எங்க இருக்கும்?"

அந்த வீட்டிலேயே பிறந்தவன், இருபத்துநாலு வயதுவரை அந்த வீட்டுக் காபியைக் குடித்தவன் கேட்ட கேள்வி இது.

அடுப்படிக்குப் போ என்றேன். அலமாரியைத் திற என்றேன். டப்பா ஒவ்வொன்றாகத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. "எதுங்க சின்னம்மா? எல்லாமே வெள்ளையாத்தான் இருக்குது" என்றான். ரவை, உப்பு, அரிசி மாவு. நாக்கில் வைத்துப் பாருடா என்றேன். பருப்புக்குப் பின்னால் பார் என்றேன். எது பருப்பு என்று கேட்டான். அதற்குள் அக்கா படுத்திருந்த அறையில் ஏதோ விழுந்த சத்தம்.

பக்கத்து வீட்டைக் கூப்பிடச் சொன்னேன். எல்லாரும் கோயிலுக்குப் போய்விட்டார்கள் என்றான். "எடது பக்கத்து வூட்டு அம்மா நம்ம கோயிலுக்கு வர்றவங்க இல்லடா, வூட்லதான் இருப்பாங்க, ஓடிப்போய்க் கூப்புடு" என்றேன்.

"அவங்கள என்னான்னு சின்னம்மா கூப்புடறது? பேரு தெரியாதுங்களே."

அந்த அம்மாள் அவனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நிலாக் காட்டியவர்.

ஆம்புலன்ஸுக்கும் அவனே போன் செய்தான். எந்தத் தெரு, பக்கத்தில் என்ன அடையாளம் என்று அவர்கள் கேட்டதற்கு, "லொகேஷன் அனுப்பட்டுங்களா" என்று கேட்டிருக்கிறான். அவன் போட்ட சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து வீட்டு அம்மாள் வந்து போனை வாங்கித்தான் வழி சொன்னார். அதற்குள் அவன் சர்க்கரையைக் கண்டுபிடித்துக் கரைத்து வந்திருந்தான். ஆனால் அக்காவுக்கு நினைவு தப்பி, பல் கிட்டிப் போயிருந்தது. ஊற்றியது எல்லாம் வழிந்து தலையணையில் இறங்கியது. பக்கத்து வீட்டு அம்மாள்தான், புரையேறும் என்று அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

தர்மபுரியில் அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கே அவர்கள் செய்யாதது எதுவும் இல்லை. ஆனால் மூளைக்குச் சர்க்கரை இல்லாமல் வெகுநேரம் ஆகிவிட்டது என்றார் டாக்டர். அக்கா கண் திறக்கவில்லை. துணி எடுத்துவர நான் வீட்டுக்குப் போனபோது அந்தத் தலையணை முழுக்க எறும்பு. ஃப்ரிட்ஜில் அவன் பாதி குடித்து வைத்த கூல்டிரிங்ஸ் பாட்டில் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்திருந்தாலே போதும். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. உயிர்ப்புப் பெருவிழா கழிந்த வாரத்தில் அக்கா இறைவனிடம் போய்ச் சேர்ந்தார்.

சாவுக்கு வந்தவர்கள் அவன் தலையைத் தடவி, "பாவம், பச்சப் புள்ள, அவனுக்கு என்ன தெரியும்" என்றீர்கள். அந்தப் பச்சைப் பிள்ளைக்கு அன்று நாலு நாள் தாடி. அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று அக்கா சொன்னபோது சிரித்த அதே வாய்கள்தான் இப்போது உச்சுக்கொட்டின. அவனை நான் திட்டாத திட்டு இல்லை. ஆனால் அவனைச் சொல்லி என்ன பயன்? பிள்ளைக்கு நீச்சல் கற்றுத் தராமல் ஆற்றங்கரையில் வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, நனைந்துவிட்டானே என்று அழுகிறோம். அக்காவையும் சொல்கிறேன். என் அக்காவைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு அடுத்த பேச்சு தொடங்கியது. மாமாவின் அக்கா சொன்னார்: "பையன் சோத்துக்கு என்ன பண்ணுவான்? ஒரு கால்கட்டுப் போட்டு உட்டுட்டா எல்லாம் சரியாப் போயிரும்." பாப்பாரப்பட்டியில் பெண் பார்க்கவும் சொல்லிவிட்டார். பெண் என்ன படித்திருக்கிறது, என்ன வேலை பார்க்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நன்றாகச் சமைக்குமா என்று கேட்டார்கள். ஒரு பெண் போனாள், அந்த இடத்துக்கு இன்னொரு பெண். அவளுக்கும் நாளைக்கு ஒரு வெள்ளிக்கிழமை வரும். அப்போது இவன் யாருக்குப் போன் செய்வான்?

நான் நடுவீட்டில் நின்று கத்தினேன். அவன் தன் சோற்றைத் தானே பொங்கித் தின்கிற வரைக்கும் பெண் பேச்சை எடுத்தால் நான் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கும்போதே எழுந்து தடை சொல்வேன் என்றேன். மாமாவின் அக்கா இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. இந்த மலர் அவர் கைக்கும் போகும். போகட்டும்.

ஆல்வினை அடுப்படிக்குக் கூட்டிப் போனேன். அரிசி களைவது, உலை கொதித்ததா என்று பார்ப்பது, பதம் பார்ப்பது, வடிப்பது, ரசம் தாளிப்பது. முதல் நாள் குழைத்தான், கையைச் சுட்டுக்கொண்டான். அடுத்த நாள் சோறு சோறாக வந்தது. தட்டில் போட்டு என் முன்னால் வைத்துவிட்டு, ஆவி பறக்கிற அந்தச் சோற்றையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இவ்ளோதானா சின்னம்மா?" என்றான்.

இவ்வளவுதான். அந்த இரண்டு நாளை இருபத்துநாலு வருஷத்தில் அவனுக்கு யாரும் தரவில்லை. நான் அந்தச் சோற்றைத் தின்றேன். ஒரு பருக்கை விடாமல் தின்றேன்.

இனி நன்றி சொல்ல வேண்டும். வந்து தூக்கிப் போன ஆம்புலன்ஸ் தம்பிகளுக்கு நன்றி. மருத்துவமனையில் பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் நன்றி. அக்காவுக்கு நோயில்பூசுதல் கொடுத்த பங்குச் சாமியாருக்கு நன்றி. குழி வெட்டியவர்களுக்கும் பெட்டி சுமந்தவர்களுக்கும் நன்றி. இடது பக்கத்து வீட்டு அம்மாளுக்கு நன்றி. அவரை ஆல்வின் இப்போது பெரிம்மா என்று கூப்பிடுகிறான். அக்கா இல்லாத வீட்டுக்குத் தூக்கு தூக்காகச் சோறு கொண்டுவந்தவர்களுக்கும் நன்றி. அன்பு புரிகிறது, இனிமேல் கொண்டுவர வேண்டாம்.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஆல்வினிடம் காட்டினேன். அவன் வேண்டாம் என்றால் கிழித்துப் போடுவதாக இருந்தேன். கடைசிவரை படித்தான். "போடுங்க சின்னம்மா" என்றான். பிறகு, "இதுல ஒண்ணு உட்டுப் போச்சு. அதையும் சேத்துக்கங்க" என்றான்.

என்ன என்று கேட்டேன்.

"உங்களுக்குப் போன் பண்றதுக்கு முன்னாடியே அம்மா வாய் தெறந்து சக்கரை கேட்டாங்க. குடுடா, குடுடான்னு கேட்டாங்க. சுகர் இருக்கறவங்களுக்கு ஆகாதேன்னு நான் குடுக்கல. அவங்க நல்லதுக்குத்தான் சின்னம்மா குடுக்கல."

அவன் கேட்டபடி சேர்த்துவிட்டேன். இதே வார்த்தையை அக்காவும் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

உடன்பிறந்த தங்கை,
கடத்தூர்